அய்யா இல்லாத சட்டை

பவுனு ஸ்பூனால் சோறு சாப்பிட ஆரம்பித்த அன்றைக்கு அவள் புருஷன் லட்சுமணன் எழுந்து நின்று சல்யூட் அடித்தான்.

"கலெக்டரம்மா சாப்புடுறாங்க. எல்லாரும் ஒதுங்கி நில்லுங்க."

ஒதுங்கி நிற்க அந்தக் குடிசையில் இடமும் இல்லை, அவனைத் தவிர ஆளும் இல்லை. பவுனு ஸ்பூனைத் தட்டில் வைத்துவிட்டு இரண்டு கைகளையும் அவன் முகத்துக்கு நேராக விரித்துக் காட்டினாள். விரல் இடுக்குகளில் தோல் உரிந்து சிவந்திருந்தது. உள்ளங்கை முழுக்க வெடிப்பு. எந்தக் கோடு விதி, எந்தக் கோடு புண் என்று ஜோசியக்காரனே குழம்பிப்போவான்.

"கொழம்புல கை வச்சா உசிரு போவுது. மொளகா போடாம ஆக்குனா நீ தட்டத் தூக்கி அடிப்ப. அப்பறம் நான் எதுல சாப்புடுறது, உன் கையிலயா?"

லட்சுமணன் சல்யூட்டை இறக்கினான். அவன் சுவருக்கு வெள்ளையடிப்பவன். சுண்ணாம்பு தின்ற கை அவனுக்கும் உண்டு. ஆனால் அவனுக்கு வருஷத்தில் நாலைந்து மாதம்தான் வேலை. மீதி மாதங்களில் அவன் கை தானாக ஆறிவிடும். பவுனுவின் கைக்கு அந்த மாதிரி லீவு எதுவும் கிடையாது.

திருக்கோவிலூர்ப் பக்கத்திலிருந்து எண்பத்தொன்றில் தில்லிக்கு வந்தவள் அவள். எண்பத்திரண்டு ஏஷியாடு விளையாட்டுக்கு ஸ்டேடியம் கட்டிக்கொண்டிருந்தார்கள். அது முடிந்ததும் வேறு கட்டடங்கள். தலையில் செங்கல், காலுக்கடியில் கொதிக்கிற கான்கிரீட், ஏழு வருஷம். அதில் அவள் பாதம் எருமைத் தோல் மாதிரி ஆகிவிட்டது. ஆணி குத்தினால் ஆணிதான் வளையும் என்பான் லட்சுமணன். பிறகு கட்டட வேலை போதும் என்று வீட்டு வேலைக்கு வந்தாள். தொண்ணூற்றெட்டு பிப்ரவரியில் கிட்வாய் நகரில் ஒரே பிளாக்கில் அவளுக்கு ஐந்து வீடுகள் இருந்தன. மற்ற வேலைக்காரிகள் பெருக்குவார்கள், பாத்திரம் தேய்ப்பார்கள். பவுனு துணி மட்டும்தான். ஒரு நாளைக்கு ஐந்து குடும்பத்து அழுக்கு.

ஐந்தில் நான்கு தமிழ் வீடு, ஒன்று கீழ்வீட்டுப் பஞ்சாபி ஆன்ட்டி வீடு. தமிழ் வீடுகளில் ஒன்று மாடி வீட்டு லீலாவதியுடையது; மற்ற மூன்றையும் பவுனுவுக்குப் பிடித்துக்கொடுத்தவள் அவள்தான். திருநெல்வேலிக்காரி. அவள் புருஷன் ஜோதிலிங்கம் லோதி ரோடு ஆபீஸ் ஒன்றில் செக்‌ஷன் ஆபீசர். லீலாவதி எந்தக் கடையில் கத்திரிக்காய் வாங்குகிறாளோ அந்தக் கடையில்தான் மற்ற மூன்று வீடுகளும் வாங்கும். அவள் ஒருத்தியை வேண்டாம் என்றால் அன்று சாயங்காலத்துக்குள் மற்ற மூன்று வீடுகளுக்கும் வேண்டாமல் போய்விடும். இது பவுனுவுக்கும் தெரியும், லீலாவதிக்கும் தெரியும், பவுனுவுக்குத் தெரியும் என்பது லீலாவதிக்கும் தெரியும்.

கையைக் காட்டப் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனாள். மூன்று மணி நேரம் வரிசையில் நின்றபின் ஒரு சின்ன வயசு டாக்டர் அவள் கையைத் தொடாமலே பார்த்தான்.

"சாபூன் சோடோ," என்றான். சோப்பை விடு.

"எத்தினி நாளைக்கு?" என்று ஹிந்தியில் கேட்டாள்.

"மூணு மாசம். இல்லேன்னா சீழ் வைக்கும். அப்புறம் விரல் மடங்காது."

"உங்க வீட்டுல மூணு மாசம் சோறு போடுவீங்களா சாப்?"

டாக்டர் அடுத்த ஆளைக் கூப்பிட்டான்.

இந்தக் கதையைக் கேட்டு லீலாவதிக்கு இரக்கம் வந்தது நிஜம். சரோஜினி நகரில் ஒரு ஜோடி ரப்பர் கையுறை வாங்கிவந்து கொடுத்தாள். ஆரஞ்சு நிறம். முதல் நாளே அதற்குள் சோப்புத் தண்ணீர் புகுந்துவிட்டது. கை வெளியே அவிந்தது போதாது என்று இப்போது உள்ளேயும் அவிந்தது. பிடிமானமும் இல்லை. மூன்றாம் நாள் ஜோதிலிங்கத்தின் ஜட்டி ஒன்று வழுக்கிப் பால்கனியைத் தாண்டிப் பறந்து, கீழ்வீட்டுப் பஞ்சாபி ஆன்ட்டியின் துளசித் தொட்டியில் போய் உட்கார்ந்தது. அதோடு கையுறை விஷயம் முடிந்தது.

கோளாறு வேறு எங்கோ இருக்கிறது என்று பவுனுவுக்குப் பட்டது. லீலாவதி வீட்டுப் பாத்ரூமில் குந்தியிருந்தபோது ஒரு நாள் சலவைத்தூள் பாக்கெட்டைக் கையில் எடுத்துப் பார்த்தாள். முன்பக்கம் ஒரு பொம்பளை சிரித்துக்கொண்டிருந்தாள். அவள் கையில் வெடிப்பு ஏதும் இல்லை. துவைக்கிறவள் இல்லை போலிருக்கிறது. பின்பக்கம் பொடிப்பொடியாக எழுத்து. எழுத்துக்கு நடுவில் ஒரு படம்: ஒரு பக்கெட், அதன் மேல் ஒரு ஸ்பூன். ஒரே ஒரு ஸ்பூன்.

அந்த வீட்டில் பக்கெட்டுக்கு நாலு கை போடுவது வழக்கம். லீலாவதி பி.ஏ. படித்தவள். ஜோதிலிங்கம் ஒரு கமாவுக்காக ஃபைலைத் திருப்பி அனுப்புகிறவர். எழுத்துத் தெரிந்த அந்த ஐந்து வீட்டிலும் ஒருத்தரும் அந்தப் பாக்கெட்டின் பின்பக்கத்தைப் படித்ததில்லை. எழுத்துத் தெரியாத பவுனுதான் படத்தைப் பார்த்தாள்.

நாலு கை எதற்கு? நுரைக்கு. டி.வி.யில் நுரை காட்டுகிறார்கள். நுரை முழங்கைவரை ஏறினால்தான் துணி வெளுக்கிறது என்பது கிட்வாய் நகரின் நம்பிக்கை. லீலாவதி காலையில் ஒரு தடவை பாத்ரூம் வாசலில் வந்து நின்று பக்கெட்டைப் பார்ப்பாள். நுரை குறைவாக இருந்தால், "என்ன பவுனு, தண்ணியிலயா துவைக்க?" என்று இன்னொரு கை அள்ளிப் போட்டுவிட்டுப் போவாள். அதை அலச நாலு பக்கெட் தண்ணீர் வேண்டும். அலசினாலும் போகாது. காய்ந்தபின் சட்டைகள் அப்பளம் மாதிரி விறைத்து நிற்கும். அதைக் கஞ்சி போட்ட மிடுக்கு என்று ஜோதிலிங்கம் நினைத்துக்கொண்டிருந்தார்.

பவுனு தூளைக் குறைத்தாள். முதலில் இரண்டு கை, பிறகு ஒன்று, பிறகு படத்தில் இருந்த மாதிரி ஒரு ஸ்பூன். கூடவே வேறு சிலதையும் மாற்றினாள். காலை ஆறிலிருந்து எட்டுவரை வருவது கார்ப்பரேஷன் தண்ணீர். உப்பில்லாத தண்ணீர், தூள் கரைந்துவிடும். எட்டுக்கு மேல் வருவது போரிங் என்கிற ஆழ்குழாய்த் தண்ணீர், உப்பு. அதில் எவ்வளவு போட்டாலும் தின்றுவிட்டுச் சும்மா இருக்கும். அதனால் ஊறவைப்பதை எல்லாம் ஆறு மணித் தண்ணீரில் வைத்தாள். போரிங் தண்ணீரைப் பாத்ரூம் கழுவ விட்டாள். காலரிலும் கையிலும் மட்டும் பழைய சோப்புத் துண்டால் ஒரு இழுப்பு. மீதிச் சட்டையில் என்ன அழுக்கு இருக்கிறது, உட்கார்ந்து கையெழுத்துப் போடுகிற ஆளுக்கு?

நுரைதான் பிரச்சினை. ஒரு ஸ்பூனுக்கு நுரை வராது, நுரை வராவிட்டால் லீலாவதி வருவாள்.

இதற்கு வழி அவளுக்கு டீக்கடையில் கிடைத்தது. ஐ.என்.ஏ. சந்தைப் பக்கம் ஒரு தமிழன் டீ ஆற்றிக்கொண்டிருந்தான். அரை டம்ளர் டீ, ஆற்றி ஆற்றி டம்ளர் நிறைய நுரை. மறுநாள் காலை பவுனு பாத்ரூமில் எழுந்து நின்றாள். ஒரு மக்கில் ஒரு ஸ்பூன் தூளைக் கரைத்து, தலைக்கு மேல் தூக்கி, இடுப்புக்குக் கீழ் பிடித்த இன்னொரு மக்கில் ஊற்றினாள். திருப்பி ஊற்றினாள். ஆறேழு தடவை ஆற்றியதில் மக்கு பொங்கி வழிந்தது. அந்த நுரையை வழித்துப் பக்கெட்டின் மேல் அழகாகப் பரப்பிவைத்தாள்.

லீலாவதி எட்டிப் பார்த்தாள். "ம்," என்றாள். போய்விட்டாள்.

இத்தனைக்குப் பிறகும் கை கையாகத்தான் இருந்தது. புண் பரவவில்லை, அவ்வளவுதான். அழுக்குப் போகக் கசக்க வேண்டும். கசக்கினால் வெடிப்பு திறக்கும். கட்டையால் அடிக்கலாம் என்றால் மாடி வீடு, கீழே பஞ்சாபி ஆன்ட்டி, "பூகம்ப் ஆகயா க்யா?" என்று, பூகம்பமே வந்துவிட்ட மாதிரி கத்துவாள். ஒரு நாள் பெட்ஷீட் ஒன்றைப் பெரிய டப்பில் போட்டுவிட்டு அதைப் பார்த்துக்கொண்டே நின்றிருந்தாள் பவுனு. கொழகொழவென்று கிடந்தது. குடிசைக்குச் சுவர் வைக்க மண் குழைத்த நினைப்பு வந்தது. மண்ணைக் கையாலா குழைத்தோம்?

புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு டப்பில் இறங்கினாள்.

இருபது மிதி. திருப்பிப் போட்டு இன்னொரு இருபது. தண்ணீர் சேற்று நிறமானது. கையால் அரை மணி நேரம் கசக்கினாலும் வராத அழுக்கு. ஏழு வருஷம் கான்கிரீட்டில் நின்ற காலுக்கு ஒரு ஸ்பூன் தூள் ஒரு பொருட்டே இல்லை. மறுநாள் சட்டை, பேன்ட், பனியன் எல்லாம் டப்புக்குப் போயின. கதவைச் சாத்திக்கொண்டாள். ஐந்து வீட்டிலும் அப்படித்தான். லீலாவதியின் புடவைகளை மட்டும் மிதிக்கவில்லை, சாயம் போகும் என்று.

ஆறு வாரத்தில் விரல் இடுக்கில் புதுத் தோல் வந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை நெத்திலிக் கருவாட்டுக் குழம்பில் ஐந்து விரலையும் முக்கிப் பிசைந்தாள். லட்சுமணன் ஸ்பூனை எடுத்து அவள் பக்கம் தள்ளினான். அதை எடுத்து அவன் முழங்காலில் ஒன்று போட்டாள்.

மாட்டிக்கொண்டதற்குக் காரணம் சலவைத்தூள் டப்பாதான். மாசக் கடைசியில் லீலாவதி அதைத் திறந்தால் முக்கால்வாசி அப்படியே இருந்தது. வேலைக்காரி தூளைத் திருடுவது கேள்விப்பட்ட விஷயம். அதற்கு என்ன கேட்க வேண்டும், எப்படிக் கத்த வேண்டும் எல்லாம் அவளுக்குத் தெரியும். தூள் குறையாமலே இருந்தால் என்ன கேட்பது? வெறும் தண்ணீரில் நனைத்துக் காயப்போடுகிறாள் என்று முடிவுகட்டினாள். மறுநாள் காலை அடுத்த தமிழ் வீடான அம்சவேணி வீட்டுக்குப் போகிறேன் என்று செருப்பு மாட்டிக்கொண்டு இறங்கினவள், செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு ஏறிவந்தாள். பாத்ரூம் கதவைத் தள்ளினாள்.

டப்புக்குள் பவுனு. முழங்கால்வரை புடவை. காலுக்கடியில் ஜோதிலிங்கத்தின் நீலக்கோடு போட்ட சட்டை, பாக்கெட்டில் பேனாக் கறையோடு.

பவுனுவுக்குக் காலை எடுப்பதா வைப்பதா என்று தெரியவில்லை. ஒரு காலை எடுத்தாள், விழப் பார்த்தாள், திரும்ப வைத்தாள், சட்டை மேலேயே.

"என்ன காரியம் செய்யுத நீ? அவிய சட்டைய மிதிக்கியா?"

"கையி முடியலக்கா. அதுக்கோசரம்தான்."

"கை முடியலன்னா? அவிய உடுத்துத துணிய, கட்டின பொண்டாட்டி நானே ஒரு நாள் கால் பட்டா தொட்டுக் கும்பிடுவேன். நீ ஏறி நிக்க."

"சட்டைக்குள்ள அய்யா இல்லியேக்கா," என்றாள் பவுனு. "அய்யா ஆபீசுக்குப் போயிட்டாரு. இது வெறும் சட்டைதான்."

சொன்னபின்தான் இது சமாதானமாகக் கேட்கவில்லை என்று அவளுக்கே உறைத்தது. லீலாவதியின் முகம் சிவந்தது.

"எத்தன நாளா நடக்கு இது?"

"ரெண்டு மாசமா."

"ரெண்டு மாசமா. என் சேலையையும் மிதிச்சியா?"

"இல்லக்கா. உங்க பொடவையத் தொடல. அய்யாதும் பையன்துந்தான்."

லீலாவதி கையிலிருந்த செருப்பைக் கீழே போட்டாள். இந்தப் பதிலில் கோபப்பட வேண்டியது எது, பட வேண்டாதது எது என்று பிரிப்பதற்குள் கோபமே முந்திக்கொண்டது. "நீ நாளைக்கு வராண்டாம்," என்றாள்.

மறுநாள் அம்சவேணி வீட்டில் கதவு திறக்கவில்லை. அதற்கடுத்த வீட்டில் கதவு திறந்தது, ஆனால் சங்கிலி எடுக்கவில்லை. "அக்கா சொன்னாங்க," என்று இடுக்கு வழியாக ஒரு குரல் வந்தது. நான்காவது வீட்டில் இரண்டு புதுச் சட்டைகளை உள்ளே கொண்டுபோய் ஒளித்துவைத்தார்கள், பவுனுவின் கால் தெருவிலிருந்தே எட்டிவிடும் என்பது போல.

பஞ்சாபி ஆன்ட்டிக்கும் சேதி போயிருந்தது. அவள் இடுப்பில் கைவைத்துக்கொண்டு ஹிந்தியில் கேட்டாள், "காலால துவைக்கிறியாமே? பெட்ஷீட் அதனாலதான் இப்படி வெளுத்துதா?" உள்ளே போய் நாலு தீபாவளியாகத் துவைக்காத திரைச்சீலைகளைச் சுமந்துவந்து பவுனுவின் முன் போட்டாள். "இதையும் மிதி."

ஐந்து வீட்டில் ஒரு வீடு மிச்சம். குடிசையில் லட்சுமணன் வேறு சும்மா இருந்தான். வெள்ளையடிக்க யாரும் கூப்பிடாத மாதம். வேறு காலனியில் வீடு கேட்டால் யார் வீட்டில் வேலை பார்த்தாய், ஏன் விட்டாய் என்பார்கள். சொல்லாமலும் இருக்க முடியாது; கிட்வாய் நகர்த் தமிழ்ச் சேதி லோதி ரோடுக்குப் போக ஒரு பஸ் போதும். பழையபடி கையாலேயே துவைக்கிறேன் என்று லீலாவதியிடம் போய் நின்றால் நாலு வீடும் அன்றே திரும்பிவிடும். ஒரு மாதத்தில் கையும் பழையபடி ஆகிவிடும். சீழ் வைக்கும், விரல் மடங்காது.

"போயி நில்லேன்," என்றான் லட்சுமணன். "கொஞ்ச நாளு கையால செஞ்சிட்டு அப்பறம் கமுக்கமா கால வை."

"இனிமே கதவ சாத்த உடுவாங்களா? காலு அவங்களுக்குத் தெரிஞ்சி போச்சி."

ஆன்ட்டி வீட்டுப் பின்முற்றத்தில் திரைச்சீலைகளை மிதித்துக்கொண்டே பவுனு மேலே நடப்பதைக் கவனித்தாள். பார்க்கத் தேவையில்லை. லீலாவதி வீட்டுத் தண்ணீர் இறங்கும் குழாய் அந்த முற்றத்தில்தான் முடிகிறது. முதல் நாள் குழாயிலிருந்து நுரை வந்தது. வந்துகொண்டே இருந்தது. முற்றத்து மூலையில் இடுப்பு உயரம் குவிந்து, ஆன்ட்டியின் நாய் அதற்குள் புகுந்து தும்மிக்கொண்டே வெளியே வந்தது. அஞ்சு கை, என்று கணக்குப் போட்டாள் பவுனு. இரண்டாம் நாளும் அப்படியே. கூடவே மேலிருந்து ஜோதிலிங்கத்தின் குரல்: "கழுத்த அறுக்குதே இந்தச் சட்டை." மூன்றாம் நாள் நுரை முழங்கால் அளவு. நாலாம் நாள் பக்கெட் உருளும் சத்தமும், லீலாவதி "அய்யோ இடுப்பு" என்பதும் கேட்டன. ஐந்தாம் நாள் குழாய் காய்ந்து கிடந்தது.

வாஷிங் மெஷின் வாங்கியிருக்கலாம். சம்பளக் கமிஷன் அரியர் வந்ததிலிருந்து லீலாவதி அதைத்தான் கேட்டுக்கொண்டிருந்தாள். ஜோதிலிங்கம் பார்க்கலாம் என்று சொல்லியிருந்தார். அந்த ஒரு வார்த்தையால்தான் பவுனுவுக்கு அந்த வீட்டில் இத்தனை நாள் பிழைப்பு ஓடியது.

எட்டாம் நாள் சனிக்கிழமை. பால்கனியிலிருந்து ஒரு தலை எட்டிப் பார்த்தது.

"பவுனு. ஏ பவுனு. மேல வா."

மாடி ஏறினாள். லீலாவதி கதவைத் திறந்து கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றாள். கட்டின கையை எப்போதும் வெளியே காட்டாமல் வைத்திருக்க முடியுமா; மூக்கு அரித்தது, எடுத்துச் சொறிந்தாள். விரல் நுனியெல்லாம் சிவந்து தோல் உரிந்திருந்தது. பவுனு அதைப் பார்த்தாள். பார்க்காத மாதிரி சுவரைப் பார்த்தாள்.

"போனது போகட்டும்," என்றாள் லீலாவதி. "நாளையில இருந்து வா. ஆனா கையாலதான் துவைக்கணும். தூளு எவ்வளவு வேணாலும் போடு, போடாம இரு, அத நான் கேக்கல. காலு மட்டும் கூடாது."

வருகிறேன் என்று சொல்ல வேண்டியதுதான். நாலு வீடு. பவுனு வாயைத் திறந்தபோது வேறு பேச்சு வந்தது.

"கையால தொவைக்கிற ஆளு வேணும்னா வேற ஆளப் பாருங்கக்கா. எங்கிட்ட இருக்கிறது காலுதான்."

"என்னட்டி இது, நாலு வீட்டு வேலய விட்டுட்டு வீம்பா?"

"வீம்பு இல்ல. உங்க கையி எட்டு நாளுல இப்பிடி ஆயிடிச்சி. எனக்குப் பத்து வருசம். டாக்டரு வெரலு மடங்காதுன்னு சொல்லிட்டாரு. மடங்காத கைய வச்சிக்கினு நான் உங்க வீட்டுக்கு மட்டும் இல்ல, எந்த வீட்டுக்கும் போவ முடியாது."

லீலாவதி தன் கையைப் பார்த்தாள். பிறகு கூடத்தைப் பார்த்தாள். அங்கே ஜோதிலிங்கம் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். சனிக்கிழமை ஆபீஸ் கிடையாது. துண்டால் கழுத்தைத் துடைத்துத் துடைத்துச் சொறிந்துகொண்டிருந்தார்.

"ஏங்க. ஒண்ணு கேக்கணும். இந்தப் பவுனுக்குக் கை புண்ணாயிட்டு. காலால மிதிச்சுத் துவைக்கட்டுமான்னு கேக்கா. நீங்க ஒரு வார்த்த சொல்லுங்க."

ஜோதிலிங்கம் பேப்பரை இறக்கினார். "யாரு துணிய?"

"உங்க துணியத்தான்."

"இதுவரைக்கும் எப்படித் துவைச்சா?"

லீலாவதி பவுனுவைப் பார்த்தாள். பவுனு கூரையைப் பார்த்தாள்.

"ரெண்டு மாசமா காலாலதான்," என்றாள் லீலாவதி. "இந்த ஒரு வாரந்தான் நான் கையால செஞ்சேன்."

ஜோதிலிங்கம் தான் போட்டிருந்த சட்டையைக் குனிந்து பார்த்தார். காலரைத் தொட்டுப் பார்த்தார். அந்த இரண்டு மாதம் கழுத்து அரிக்காமல் இருந்தது அவருக்கு ஞாபகம் வந்ததா என்று சொல்ல முடியாது. வந்திருந்தாலும் அதைத் தனக்குள் ஒரு ஃபைலில் போட்டு நாடா கட்டியிருப்பார். ஆமாம் என்று சொன்னால் வேலைக்காரி மிதித்த சட்டையில் ஆபீஸ் போனவர் ஆவார். வேண்டாம் என்றால் திங்கட்கிழமை போட்டுக்கொள்ளச் சட்டை கிடையாது.

"பாக்கலாம்," என்றார். பேப்பரை உயர்த்தினார்.

"என்னத்தப் பாக்க? இந்தா நிக்கா ஆளு. சரின்னா சரின்னு சொல்லுங்க. வேண்டாம்னா வேண்டாம்னு சொல்லுங்க."

"அவசரப்பட்டா எப்படி? யோசிச்சு, நாலையும் பாத்து... பாக்கலாம்."

பேப்பருக்குப் பின்னாலிருந்து இதற்கு மேல் எதுவும் வராது என்பது லீலாவதிக்கு இருபத்திரண்டு வருஷமாகத் தெரியும். ஃப்ரிட்ஜ் கேட்டபோது பாக்கலாம். குற்றாலச் சீசனுக்கு ஊருக்குப் போகலாமா என்றபோது பாக்கலாம். சீசன் முடிந்தபின் டிக்கெட் கிடைக்கவில்லை என்றார். அவள் தங்கை மகள் கல்யாணத்துக்குப் பாக்கலாம் பாக்கலாம் என்று, அந்தப் பெண்ணுக்கு இப்போது இரண்டு பிள்ளைகள்.

லீலாவதி பேப்பரைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு, "உள்ள வா," என்று பவுனுவிடம் சொல்லிவிட்டுப் பாத்ரூமுக்கு நடந்தாள்.

பெரிய டப்பில் நாலு நாளாகச் சேர்ந்த சட்டைகள் ஊறிக்கொண்டிருந்தன. பவுனு குனிந்து ஒரு விரலால் தண்ணீரைத் தொட்டுப் பார்த்தாள். "எத்தினி கை போட்டீங்க?"

"மூணு."

"கொட்டிட்டு வேற தண்ணி புடிங்க. ஒரு ஸ்பூனு போதும்."

லீலாவதி கொட்டினாள், பிடித்தாள், ஒரு ஸ்பூன் போட்டாள். பவுனு புடவையைச் செருகப் போனபோது லீலாவதி கையை நீட்டித் தடுத்தாள். கதவை எட்டிச் சாத்தித் தாழ் போட்டாள். கொசுவத்தை வாரி இடுப்பில் செருகினாள். வெள்ளைக் கெண்டைக்கால் தெரிந்தது, மெட்டி மினுங்கியது.

"எப்படி மிதிக்கணும்?"

"அக்கா, நீங்களா?"

"கேட்டதுக்குச் சொல்லு."

"குதிகாலு படக் கூடாது. முன்னங்காலால. செவுத்தப் புடிச்சிக்குங்க, வழுக்கும். இருவது மிதிச்சிட்டுத் திருப்பிப் போடணும்."

லீலாவதி சுவரைப் பிடித்துக்கொண்டு வலது காலை உள்ளே வைத்தாள். கண்ணை ஒரு தரம் மூடித் திறந்தாள். இடது காலையும் வைத்தாள். நீலக்கோட்டுச் சட்டையின் கை ஒன்று தண்ணீரிலிருந்து மேலே எழுந்து ஆடியது. அதை முதலில் அமுக்கினாள். மெதுவாக நாலு மிதி. பிறகு கொஞ்சம் வேகமாக. பிறகு சுவரை விட்டுவிட்டு இடுப்பில் கைவைத்துக்கொண்டாள்.

"அம்சவேணிகிட்ட நான் சொல்லிக்கிடுதேன்," என்றாள் மூச்சு வாங்கியபடி. "மத்த ரெண்டு வீட்டுக்கும். நாளைக்கே எல்லா வீட்டுக்கும் போ."

"சரிக்கா."

இருபது முடிந்தது. பவுனு சட்டைகளைத் திருப்பிப் போட்டாள். இன்னொரு இருபது. தண்ணீர் கலங்கி, கறுத்து, தெளிய ஆரம்பித்தது. கூடத்திலிருந்து ஜோதிலிங்கம், "அங்க என்ன சத்தம்?" என்றார். லீலாவதி பதில் சொல்லவில்லை. காலரைக் காலால் தேடி எடுத்து, அதன் மேல் ஏறி நின்று, இரண்டு குதிகாலாலும் மிதித்தாள். தண்ணீர் சுவரெல்லாம் தெறித்தது. பவுனுவின் முகத்திலும் தெறித்தது.

"போதும்க்கா," என்றாள் பவுனு முகத்தைத் துடைத்துக்கொண்டு. "அழுக்கெல்லாம் எப்பவோ போயிடிச்சி."

"தெரியும்," என்றாள் லீலாவதி. "நீ சும்மா இரு."